ஆடு பட்டிக்குப் போன பக்கம்

போன வருஷம் பாலக்காட்டில் ஒரு புத்தகக் கண்காட்சி. மகளுக்கு அப்போது நாலு வயது, என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு ஸ்டாலில் குழந்தைகள் புத்தகம் மேசை நிறையக் கிடந்தது. ஒரே படப்புத்தகம், ஒரே அட்டை, அருகருகே இரண்டு அடுக்கு. அட்டையில் ஒரு வெள்ளாடு கழுத்தைத் திருப்பி நம்மைப் பார்க்கும். மேலே இருந்த பிரதியை ஒற்றைக் கையால் புரட்டினேன், தமிழ், பிடித்திருந்தது. மேலே இருப்பது ஊரே புரட்டி மூலை மடங்கிப் போயிருக்கும் அல்லவா, அதனால் வழக்கம்போல அடியிலிருந்து புதுசாக ஒன்றை உருவிப் பணம் கொடுத்துவிட்டு வந்தேன். கொழிஞ்சாம்பாறை பஸ்ஸில் சீட் கிடைத்து உட்கார்ந்த பிறகு மனைவி அதை எடுத்துப் பார்த்தாள். "ஏனுங்க, இது மலையாளம்."

யாரோ புரட்டிவிட்டு அடுக்கு மாற்றி வைத்திருக்க வேண்டும். பார்க்காமல் உருவியது என் தப்புதான். அவசரத்துக்குத் திரும்பிப் போகவும் முடியாது, மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு நான் பால் சொசைட்டியில் இருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காக ஒரு வரி. கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுக்காவில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர்களில் வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம், சந்தையில் இரண்டும். நான் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். மலையாளம் தண்ணீர் மாதிரி பேசுவேன். படிப்பது மட்டும் பஸ் போர்டு அளவோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் எழுத்துக்கூட்டித்தான். மலையாள எழுத்தின் தந்தை என்று கேரளம் கொண்டாடும் துஞ்சத்து எழுத்தச்சன் தன் கடைசிக் காலத்தைக் கழித்ததாகச் சொல்லும் மடம் சித்தூர் ஆற்றங்கரையில் இருக்கிறது. அதே தாலுக்காவில் இருந்துகொண்டு நாற்பது வயதில் ஆட்டுக்கதை ஒன்றை எழுத்துக்கூட்டுகிறவன் நான்.

சரி, வாங்கியாயிற்று. அன்று ராத்திரியே அவள் விழித்துக்கொண்டு, "படி" என்று மடியில் ஏறிவிட்டாள். கதை எளிது. ஒரு பாட்டி காணாமல் போன ஆட்டைத் தேடுகிறாள். பன்னிரண்டு படம். ஒவ்வொரு படத்திலும் ஆடு எங்கேயோ கொஞ்சம் தெரியும். தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் கொம்பு மட்டும், கட்டிலுக்கு அடியில் நாலு குளம்பு, கொடியில் காயும் சேலைக்கு நடுவே ஒரு தாடி. பாட்டிக்கு மட்டும் தெரியாது. நான் முதல் வரியை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் மகள் கொம்பில் விரலை வைத்துவிட்டாள். "இங்க இருக்குது!" அப்புறம் எழுத்துப் பக்கம் நான் போகவே இல்லை. "பாட்டிகிட்ட சொல்லட்டுமா?" என்பேன். "வேண்டாம், சொல்லாத" என்பாள். அதுதான் வாசிப்பு. தினமும் அதே புத்தகம். மூன்றாம் நாளிலிருந்து பாட்டிக்கு எங்கள் அப்பத்தாவின் குரல் வந்துவிட்டது, ஆட்டுக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. ஒரு நாள் நான் பாதியிலேயே தூங்கிவிட, மீதியை அவளே முடித்ததாக மனைவி சொன்னாள்.

"நீ பாக்காமயே பேசற"

ஒரு மாதம் கழித்துப் பொள்ளாச்சி நண்பர் ஒருவர் அதே புத்தகத்தின் தமிழ்ப் பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தார். நான்தான் சொல்லி வைத்திருந்தேன். இத்தனை நாள் அரைகுறையாக ஒப்பேற்றிய கதையை இனி முழுசாக, நல்ல தமிழில், ஏற்ற இறக்கத்தோடு வாசிக்கலாம் என்று எனக்கு ஆசை. பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டிக்கெல்லாம் போனவன். அன்று சாப்பாடு முடிந்து பாயை விரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். முதல் பக்கம் ஆயிற்று. இரண்டாவது பக்கம். மூன்றாவதில் அவள் கையை நீட்டிப் புத்தகத்தை மூடினாள்.

"இது வேற கதை."

"இதே கதைதான் கண்ணு. படம் பாரு, அதே ஆடு."

"வேற கதை. நீ பாக்காமயே பேசற."

சொல்லிவிட்டு அலமாரியில் இருந்த மலையாளப் பிரதியை இழுத்துக்கொண்டு அப்பத்தாவிடம் போய்விட்டாள். அப்பத்தாவுக்கு எந்த மொழியிலும் எழுத்துத் தெரியாது. அங்கே இருந்து "இங்க இருக்குது!" என்று சத்தம் வந்தது.

எனக்குக் கொஞ்சம் ரோஷமாகத்தான் இருந்தது. மறுநாள் காலை சொசைட்டியில் ஒவ்வொரு கேனாகக் கொழுப்பு பார்த்து எழுதும்போதும் அந்த ஒரு வரிதான் காதில் ஓடியது. நீ பாக்காமயே பேசற. அவள் சொன்னதில் ஒரு சொல் பிசகில்லை. மலையாளப் பிரதியோடு உட்கார்ந்தபோது எனக்கு எழுத்து ஓடாததால் அவள் பார்த்த இடத்தையே நானும் பார்த்தேன். தமிழ்ப் பிரதி கைக்கு வந்ததும் என் கண் பக்கத்தின் அடியில் இருந்த வரிகளுக்கு இறங்கிவிட்டது. ஒரே பாயில், ஒரே புத்தகத்துக்கு முன்னால், அவள் ஓர் இடத்தில் இருக்க நான் வேறு இடத்தில் இருந்தேன்.

இதைக் கருவி வைத்தே பார்த்திருக்கிறார்கள். மேரி ஆன் எவன்ஸ், ழான் செயிண்ட்-ஆபின் என்று கனடாவில் இரண்டு ஆய்வாளர்கள். கதை வாசித்துக் காட்டும்போது நாலு வயதுக் குழந்தைகளின் கண் எங்கே போகிறது என்று அளந்து 2005இல் வெளியிட்டார்கள். கண் ஏறக்குறைய முழு நேரமும் படத்தில்தான், எழுத்தின் மேல் விழுவது அபூர்வம். என் மகள் கனடாவுக்குப் போகாமலே இதைச் சொல்லிவிட்டாள் என்று பெருமை அடித்துக்கொள்ளலாம், ஆனால் அன்றைக்கு எனக்குப் பெருமைப்படும் நிலைமை இல்லை.

அன்று ராத்திரி அவள் தூங்கிய பிறகு இரண்டு பிரதிகளையும் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் தடவையாக மலையாள வரிகளை முழுசாக எழுத்துக்கூட்டிப் படித்தேன், ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிஷம் ஆயிற்று. அப்போதுதான் விஷயம் புரிந்தது. தமிழாக்கம் மோசம் என்று நான் முடிவு கட்டி வைத்திருந்தேன், அப்படி இல்லை. இரண்டிலும் அதே வரிகள்தான். பானை இருக்கும் பக்கத்தில், ஆடு பானைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது, பாட்டிக்குத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறது. கட்டில் பக்கத்தில் கட்டிலுக்கு அடியில் இருந்தது என்று எழுதியிருக்கிறது. ஓவியர் பாடுபட்டு ஒளித்து வைத்த ஆட்டை, எழுதியவர் பக்கத்துக்குப் பக்கம் காதைப் பிடித்து வெளியே இழுத்து விட்டிருக்கிறார். குழந்தை கண்டுபிடிக்க மிச்சம் எதுவும் இல்லை. எனக்கு மலையாளம் ஓடாத ஒரே காரணத்தால் ஒரு மாதம் அந்த ஆடு எங்கள் வீட்டில் ஒளிந்திருந்தது.

கையால் மறைத்து

அதற்குப் பிறகு கடையில் நான் புத்தகம் பார்க்கும் விதம் மாறிவிட்டது. கொஞ்சம் கோமாளித்தனமாகத் தெரியும், பரவாயில்லை. முதலில் உள்ளங்கையால் எழுத்தை மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் கடைசி வரை புரட்டுவேன். ஏதாவது நடக்கிறதா, அடுத்த பக்கம் போக மனசு வருகிறதா? நிறையப் புத்தகங்கள் இங்கேயே விழுந்துவிடும். குழந்தை நிற்கும், அம்மா நிற்பாள், மரம் நிற்கும், எல்லாரும் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். அப்புறம் படத்தை மறைத்துக்கொண்டு வரிகளை வாய்விட்டுப் படிப்பேன், மனசுக்குள் அல்ல. படம் இல்லாமலே எல்லாம் விளங்கிவிட்டால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். "அட, என்னது இது?" என்று கையை எடுத்துப் பார்க்கத் தோன்றினால் வாங்குவேன்.

வாய்விட்டுப் படிப்பதில் இன்னொரு லாபம் உண்டு. கண்ணுக்கு அழகாகத் தெரியும் தமிழ் நாக்குக்கு வந்ததும் கல்லாகக் கனக்கும். 'வண்ணமலர்கள் பூத்துக் குலுங்கும் வனத்தினூடே' என்று மடியில் உட்கார்ந்த பிள்ளையிடம் யாராலும் சொல்ல முடியாது, சொன்னாலும் குரல் மேடைக்குப் போய்விடும். அதற்காகக் கொச்சையாகத்தான் எழுத வேண்டும் என்று நான் வாதாடவில்லை. அழ. வள்ளியப்பாவின் பாட்டுகள் நல்ல எழுத்துத் தமிழ்தான், எங்கள் அப்பத்தா வாயிலும் அட்சரம் பிசகாமல் உட்காரும். அவர் வாயால் சொல்லிப் பார்த்து எழுதியவர் என்பது என் ஊகம். கடைசிப் பக்கத்தில் 'ஆகவே குழந்தைகளே' என்று தொடங்கும் புத்தகங்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

பக்கம் திருப்பும் இடத்தையும் கவனிக்கிறேன். படப்புத்தகங்கள் 16, 24, 32 என்ற கணக்கில் வருவது பெரிய தாளை மடித்து வெட்டித் தைக்கிற சௌகரியத்துக்காக. அந்தக் குறைந்த பக்கங்களுக்குள் ஆட்டைக் காட்ட ஒரு திருப்பம், ஒளிக்க ஒரு திருப்பம் என்று அமைப்பதுதான் வேலையே. கேள்வி வலப்பக்கத்தில் முடிந்து, பதில் தாளுக்குப் பின்னால் இருக்க வேண்டும். தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி நிறுத்தினால் மடியில் இருக்கிற உடம்பு விறைப்பதை நம் நெஞ்சில் உணரலாம். கேள்வியும் பதிலும் எதிரெதிர்ப் பக்கத்தில் வந்துவிட்டால் அவ்வளவுதான், பிள்ளையின் கண் பதிலை முதலிலேயே பார்த்திருக்கும்.

இலவசமாகக் கிடைப்பதையும் சொல்ல வேண்டும். பெங்களூரில் 2004இல் தொடங்கிய பிரதம் புக்ஸ், 2015இல் ஸ்டோரிவீவர் என்ற தளத்தைத் திறந்தது. தமிழ், மலையாளம், தெலுங்கு என்று எல்லா மொழியிலும் படக்கதைகள், காசு இல்லை, அச்சிட்டும் கொள்ளலாம். ஒரே கதையை இரண்டு மொழியில் பார்க்க எங்களைப் போன்ற எல்லைக்காரர்களுக்கு அதைவிட வசதி இல்லை. அதில் கதைகளுக்கு ஒன்றிலிருந்து நான்கு வரை நிலை போட்டிருப்பார்கள். அது பிள்ளை தானாகப் படிப்பதற்கான கணக்கு. நாம் வாசித்துக் காட்டுவதற்கு அதைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. மூன்றாம் நிலைக் கதைக்கு நாலு வயது மகள் வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்கிறாள், முதல் நிலைக் கதையில் இரண்டாவது பக்கத்திலேயே எழுந்து போயிருக்கிறாள். போனில் காட்டினால் மட்டும் தாளின் ஓரத்தைப் பிடித்து நிறுத்தும் வித்தை பலிக்காது. என் விரலுக்கு முன்னால் அவள் விரல் போய்விடும்.

பட்டி

தமிழ்ப் பிரதியை அவள் அப்படியே ஒதுக்கிவிடவில்லை. நான் வரிகளை விட்டுவிட்டுப் படத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்ட பிறகு அதற்கும் அனுமதி கிடைத்தது. கடைசிப் பக்கத்து வரியை மட்டும் அப்படியே படிப்பேன், அது நன்றாக இருக்கும். 'ஆடு தானாகவே பட்டிக்குத் திரும்பியது.' முதல் தடவை அதைப் படித்ததும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பட்டிகிட்டயா? கடிக்காதா?"

எனக்கு ஒரு நொடி விளங்கவில்லை. அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டுத் தமிழில் பட்டி என்றால் ஆட்டை அடைக்கிற இடம். மலையாளத்தில் பட்டி நாய். அங்கன்வாடியில் பாதிப் பிள்ளைகள் மலையாளம் பேசுகிறவர்கள், மதியச் சோற்று நேரத்துக்கு வாசலில் வந்து நிற்பது பட்டிதான். மலையாளப் பிரதியில் அந்த இடத்தில் 'கூடு' என்று இருக்கிறது. அதைத் தமிழ்க் காதால் கேட்டால் ஆடு குருவிக்கூட்டுக்குள் ஏறியிருக்க வேண்டும். இரண்டு மொழியும் இப்படி ஒன்றின் காலை ஒன்று வாரிவிட்டுக்கொண்டே இருக்கும் ஊர் இது. பிள்ளையை எதற்கு இரண்டிலும் குழப்புகிறாய், ஏதாவது ஒன்றைப் பிடி என்று கோயம்புத்தூர் சொந்தக்காரர்கள் வருஷத்துக்கு இரண்டு முறையாவது சொல்வார்கள். நானும் அவர்களைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தவன்தான்.

மகள் அதற்குள் படத்தில் நாயைத் தேட ஆரம்பித்திருந்தாள். மூங்கில் தட்டி, வைக்கோல், தொட்டி, பின்னால் ஒரு பனை. பனையைச் சரியாக வரைந்த ஓவியரை அதற்காகவே எனக்குப் பிடிக்கும், பல புத்தகங்களில் தென்னைக்கும் பனைக்கும் வித்தியாசம் இருக்காது. நாய் எங்கேயும் இல்லை. பட்டி என்றால் என்ன என்று நான் விளக்கத் தொடங்கினேன். அவள் என் வாயைக் கையால் பொத்திவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். தட்டிக்குப் பின்னால் இருந்த இருட்டில் விரலை வைத்தாள்.

"இங்க தூங்குது. அதுதான் கடிக்கல."

அதிலிருந்து அந்தப் புத்தகத்தில் ஒரு நாய் இருக்கிறது. எழுதியவருக்கும் வரைந்தவருக்கும் தெரியாது. அந்தப் பக்கம் வந்தால் நாங்கள் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவோம்.

ஜூன் 19

கிராமம் கிராமமாக நூலகங்களைக் கட்டி எழுப்பிய பி.என். பணிக்கர் 1995இல் மறைந்த நாள் ஜூன் 19. கேரளத்தில் அன்று வாசிப்பு தினம். இந்த வருஷம் அங்கன்வாடியில் பெற்றோர் யாராவது வந்து கதை வாசிக்க வேண்டும் என்றார்கள், ஆட்டுப் புத்தகத்தோடு நான் போனேன். பதினெட்டுப் பிள்ளைகள். ஸ்டூலில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்து, பழக்கமான பாட்டிக் குரலில் ஆரம்பித்தேன். ஒரு நிமிஷத்தில் முன்வரிசை கலைந்தது, ஒருவன் ஜன்னலில் ஏறினான். டீச்சர் பின்னாலிருந்து, "சேட்டா, புத்தகம் திரிச்சு பிடிக்கணும்" என்றார். நான் எனக்குத்தான் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன்! புத்தகத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடித்தேன். இனி வரி தெரியாது, மனசில் இருப்பதுதான் கதை. அதுவும் போதவில்லை. மடியில் வைத்துப் பார்த்தபோது அவ்வளவு அழகாக இருந்த கொம்பு, ஆறடி தள்ளி உட்கார்ந்தவனுக்கு ஒரு புள்ளி. மடிக்குத் தோதான புத்தகம் வேறு, கூட்டத்துக்குத் தோதானது வேறு என்று அன்றுதான் உறைத்தது. கூட்டத்துக்குப் பெரிய அளவு வேண்டும், பக்கத்துக்கு ஒரே உருவம், அழுத்தமான நிறம் வேண்டும். நுணுக்கி வரைந்து ஒளித்து வைத்ததெல்லாம் இரண்டு பேர் ஒட்டி உட்காரத்தான் லாயக்கு. கடைசியில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தேன். ஒவ்வொருவனும் கொம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் விட்டான். முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. கடைசிப் பக்கம் வந்ததும் என் மகள் எழுந்து நின்று, எல்லாரும் மெதுவாகப் பேச வேண்டும், பட்டி உறங்குகிறது என்று மலையாளத்தில் அறிவித்தாள். ஆடும் பாட்டியும் மறந்து பதினெட்டுப் பேரும் அந்த இருட்டையே பார்த்தார்கள்.

எனக்குச் சின்ன வயசில் யாரும் புத்தகம் வாசித்துக் காட்டியதில்லை. அப்பா ஒரே ஒரு படப்புத்தகம் வாங்கிக் கொடுத்தார். சோவியத்தில் அச்சாகி வந்தது, வழவழ காகிதம், மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாசனை. அந்தக் காலத்தில் அந்தப் புத்தகங்கள் தமிழ்நாட்டில் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் மூலமும் கேரளத்தில் பிரபாத் மூலமும் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தன. கதை என்ன என்று சுத்தமாக நினைவில்லை. பனிமூடிய கூரை ஒன்றும், அதன் ஜன்னலில் மஞ்சள் வெளிச்சமும், வெளியே காலடித் தடங்களும் இப்போதும் கண்ணை மூடினால் தெரியும். தடங்கள் வீட்டுக்குள் போகின்றனவா, வெளியே வருகின்றனவா என்று ஒரு கோடை விடுமுறை முழுக்க யோசித்திருக்கிறேன். அப்போது எனக்கும் எழுத்துத் தெரியாது.

இந்த விஜயதசமிக்கு மகளைச் சித்தூர் எழுத்தச்சன் மடத்துக்குக் கூட்டிப்போனோம். கொஞ்சம் தாமதம்தான், மற்ற பிள்ளைகள் எல்லாம் மூன்று வயசு. தாம்பாளத்து அரிசியில் விரலைப் பிடித்து எழுத வைத்தார்கள். வீட்டுக்கு வந்து தமிழ் அனாவும் ஆவன்னாவும் நான் எழுதிக் காட்டினேன், என் பங்குக்கு. பத்து நாளில் இரண்டு மொழியிலும் 'ஆ' பிடிபட்டுவிட்டது.

நேற்று ராத்திரி ஆட்டுப் புத்தகங்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, அதில் ஒரு விரலும் இதில் ஒரு விரலுமாக வைத்துக் குனிந்திருந்தாள். வரி வரியாக 'ஆ' தேடிக்கொண்டிருக்கிறாள். கட்டில் பக்கம் போயிற்று. சேலைப் பக்கம் போயிற்று. தாடி அப்படியே தெரிகிறது, அவள் நிமிரவில்லை.

"ஆடு எங்க கண்ணு?" என்றேன்.

"இருப்பா," என்றாள், தலையைத் தூக்காமல். "நான் படிச்சுட்டு இருக்கறேன்."